நொடிக்கு 4 கிலோபைட்: என் மேசைக் கடிகாரத்தில் நினைவகக் கசிவைத் தேடிய அனுபவம்

ஒரு நிரல் தனக்கென்று கேட்டு வாங்கிய நினைவகத்தை வேலை முடிந்தபின் திருப்பிக் கொடுக்காமல் விடுவதே நினைவகக் கசிவு. என்னுடைய பழைய மடிக்கணினியில் 4 ஜிபி நினைவகம் இருக்கிறது. டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளமும் எக்ஸ்எஃப்சிஇ மேசைச்சூழலும் நிறுவியிருக்கிறேன். திரையின் வலது மூலையில் கிழமை, தேதி, நேரம், செயலியின் வெப்பநிலை ஆகியவற்றைத் தமிழில் காட்டும் ஒரு சிறு கடிகாரத்தைச் சி மொழியில், சாளரங்களை வரைய உதவும் ஜிடிகே 3 நூலகத்தைக் கொண்டு நானே எழுதிப் பயன்படுத்தி வந்தேன். எழுதியபோது எல்லாம் சரியாகவே தெரிந்தது. கணினியை அணைக்காமல் மூன்று நாள்கள் தொடர்ந்து ஓடவிட்டால் மட்டும் உலாவியின் தத்தல்கள் (டேப்கள்) மறுபடி மறுபடி ஏற்றம் பெறுவதும், சாளரம் மாற்றும்போது வன்தட்டின் விளக்கு விடாமல் மின்னுவதுமாக இருந்தது.

முதல் ஐயம் உலாவியின் மேல் போனது. இரண்டாவது ஐயம் இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கர்னலின் மேல் போனது. அது என் அறியாமை. 'ஃப்ரீ' கட்டளை வெறும் 180 மெகாபைட் மட்டுமே காலியாக இருப்பதாகக் காட்டியதைப் பார்த்துப் பதறினேன். கர்னல், சும்மா கிடக்கும் நினைவகத்தில் வட்டிலிருந்து படித்த கோப்புகளைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. நிரல்கள் கேட்டால் அந்த இடத்தை உடனே விட்டுக்கொடுக்கிறது. ஆகவே பார்க்க வேண்டியது 'ஃப்ரீ' என்ற பத்தியை அல்ல, 'அவைலபிள்' என்ற பத்தியைத்தான். 2014-இல் வெளிவந்த கர்னல் 3.14 முதல் அந்த மதிப்பைக் கர்னலே கணித்துத் தருகிறது. என் கணினியில் அது அப்போது 1.9 ஜிபி காட்டியது, அதாவது அன்றைக்கு ஒரு குறையும் இல்லை. கோப்புத் தேக்கத்தை மணிக்கொரு முறை காலி செய்யச் சொல்லும் யோசனைகளையும் பார்த்தேன். வீட்டில் அரைத்து வைத்த மாவைக் கொட்டிவிட்டு, பாத்திரம் காலியாக இருக்கிறது என்று மகிழ்வதைப் போன்ற வேலை அது.

மூன்றாம் நாள் மறுபடி மந்தம் வந்தபோது, நிரல்களை நினைவக அளவின்படி வரிசைப்படுத்திப் பார்த்தேன். உலாவியின் துணைநிரல்களே முதல் இடங்களைப் பிடித்திருந்தன. என் கடிகாரம் 340 மெகாபைட்டுடன் நடுவில் எங்கோ நின்றது. ஒரு கடிகாரத்துக்கு அதுவே மிகுதிதான் என்றாலும், மொத்தக் கணினியையும் திணறடிக்க அது போதாது. ஓடும் நிரல்களின் விவரங்களைக் கர்னல் கோப்புகளாகக் காட்டும் 'ப்ராக்' அடைவில் அந்த நிரலின் 'ஸ்டேட்டஸ்' கோப்பைத் திறந்தபோதுதான் 'விஎம்ஸ்வாப்' என்ற வரி கண்ணில் பட்டது: 705 மெகாபைட். கசிந்த நினைவகத்தை நிரல் திரும்பத் தொடுவதே இல்லை. நெடுநேரம் தொடப்படாத நினைவகப் பக்கங்களைத்தான் கர்னல் முதலில் ஸ்வாப்புக்கு, அதாவது வட்டில் உள்ள மாற்று இடத்துக்கு, தள்ளுகிறது. எனவே கசிவு பெரிதாகப் பெரிதாக அது ராமின் கணக்கிலிருந்து மறைந்துகொண்டே போகிறது. வழக்கமாக எல்லோரும் பார்க்கும் ஆர்எஸ்எஸ் என்ற எண், ராமில் அந்த நேரத்தில் இருப்பதை மட்டுமே சொல்லும். கசிவைத் தேடுகிறவர் அதனோடு ஸ்வாப்பையும் கூட்டியே கணக்கிட வேண்டும்.

அதன்பின் பத்து நிமிடங்களுக்கு ஒரு முறை இந்த இரண்டு எண்களையும் ஒரு கோப்பில் எழுதும் சிறு ஸ்கிரிப்டை ஓடவிட்டேன். இரவு 10 மணிக்கு 38 மெகாபைட்டாக இருந்த கூட்டுத்தொகை, காலை 6 மணிக்கு 152 மெகாபைட்டாக ஆகியிருந்தது. வரைபடமாகப் போட்டால், அடிமட்டம் வைத்து இழுத்ததுபோல் ஒரே நேர்கோடு. மறுபடி பயன்படுத்தச் சேர்த்து வைக்கும் தேக்கமாக இருந்தால் படிபோல ஏறி ஓரிடத்தில் நின்றிருக்கும். எட்டு மணி நேரம் என்பது 28,800 நொடிகள். வகுத்துப் பார்த்தால் நொடிக்குச் சுமார் 4 கிலோபைட் வருகிறது. என் கடிகாரமும் நொடிக்கு ஒரு முறைதான் தன்னை வரைந்துகொள்கிறது.

மறுநாள் இரவு கடிகாரத்தின் சாளரத்தைச் சிறிதாக்கி, அதாவது திரையில் தெரியாதபடி ஒதுக்கிவிட்டு, அதே அளவீட்டை மறுபடி எடுத்தேன். எட்டு மணி நேரத்தில் ஏறியது 4 மெகாபைட் மட்டுமே. திரையில் இல்லாத சாளரத்தை ஜிடிகே வரைவதில்லை. நேரத்தைக் கணிக்கும் டைமர் மட்டும் தொடர்ந்து இயங்கும். ஆகவே பெரிய கசிவு வரையும் செயற்கூறில் இருக்கிறது, வேறு ஏதோ ஒரு சிறிய கசிவு வரைதலுக்கு வெளியே இருக்கிறது என்பது, எந்தக் கருவியையும் தொடுவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. இந்த ஓர் இரவின் சோதனைதான் பின்னால் வந்த வேலையில் பாதியைக் குறைத்தது என்று நினைக்கிறேன்.

அடுத்து, நினைவகப் பிழைகளைக் கண்டறியும் கருவியான வால்கிரிண்ட். வடபுலத் தொன்மத்தில் வல்ஹல்லா மாளிகையின் வாயிலுக்கு உரிய பெயர் அது. 'கிரைண்ட்' என்று ஒலிக்கக் கூடாது, 'கிரிண்ட்' என்றே ஒலிக்க வேண்டும் என்று அதன் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள். நிரலின் ஒவ்வோர் ஒதுக்கீட்டையும் அது கண்காணிப்பதால் நிரல் பல மடங்கு மெதுவாகிவிடும். நொடிக்குள் திறக்கும் என் கடிகாரம் தோன்றவே 25 நொடிகள் ஆயின. தொடங்குவதற்கு முன் இரண்டு முன்னேற்பாடுகள் தேவைப்பட்டன. பிழைநீக்கத் தகவலோடும் உகப்பாக்கம் இல்லாமலும் நிரலை மறுபடி தொகுத்தேன். இல்லாவிட்டால் அறிக்கையில் வரி எண்கள் வராது. அத்துடன், ஜிடிகேயின் அடிப்படை நூலகமான ஜிலிப், டெபியன் 12-இல் பதிப்பு 2.74 என்பதால், 'ஜி_ஸ்லைஸ்' சூழல் மாறிக்கு 'ஆல்வேஸ்-மாலாக்' என்ற மதிப்பைக் கொடுத்தேன். அந்தப் பதிப்புவரை ஜிலிப் சிறு துண்டுகளைத் தன் சொந்தக் கிடங்கிலிருந்து பகிர்ந்து கொடுத்ததால், யார் எதை இழந்தார்கள் என்று வால்கிரிண்டால் தெளிவாகப் பிரித்தறிய முடியாது. 2.76 முதல் அந்தத் தனிக் கிடங்கே எடுக்கப்பட்டுவிட்டது.

இவ்வளவு செய்தும் வந்த அறிக்கை என்னை மலைக்க வைத்தது. எழுத்துருக்களைக் கையாளும் நூலகங்களும் ஜிடிகேயும் தொடக்கத்தில் ஒரு முறை ஒதுக்கிக்கொண்டு நிரல் முடியும்வரை விடாத இடங்களெல்லாம் சேர்ந்து நூற்றுக்கணக்கான பதிவுகளாக நீண்டன. தெரிந்த ஒதுக்கீடுகளை அடக்கிவைக்கும் கோப்பை ஜிலிப் தன்னோடு தருகிறது. அதைச் சேர்த்தபின்னும் கூட்டம் பெரிதாகக் குறையவில்லை. அப்போது தோன்றிய வழி எளியது: நிரலை ஒரு முறை ஐந்து நிமிடங்களும், இன்னொரு முறை பத்து நிமிடங்களும் ஓடவிட்டு, இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பது. ஒரு முறை மட்டும் ஒதுக்கப்பட்டவை இரண்டிலும் அதே எண்ணிக்கையில் நின்றன. உண்மையான கசிவு மட்டும் இரட்டித்தது. பத்து நிமிட அறிக்கையில் 597 தொகுதிகள் 'நிச்சயமாக இழந்தவை' என்று ஒரு பதிவு இருந்தது. பத்து நிமிடம் என்பது 600 நொடிகள். அதன் வரி எண் நேராக என் வரையும் செயற்கூறுக்கே கொண்டு சென்றது.

குற்றம் என்னுடையதுதான். ஒவ்வொரு முறை வரையும்போதும் எழுத்துகளை அடுக்க, பாங்கோ என்ற உரை நூலகத்தின் ஒரு புதிய லேஅவுட்டை உருவாக்கினேன். வரைந்து முடித்தபின் 'அன்ரெஃப்' அழைத்து அதை விடுவிக்கவில்லை. எழுத்துரு விவரிப்பையும் அப்படியே விட்டிருந்தேன். தமிழ் எழுத்துகளைக் கோத்து வடிவமைத்த தகவல் முழுவதும் அந்த லேஅவுட்டோடு தொங்கிக்கொண்டிருப்பதால், ஒன்றை மறந்தால் அதனோடு சேர்ந்து பலவும் போகின்றன. அவற்றை வால்கிரிண்ட் 'மறைமுகமாக இழந்தவை' என்று தனியே எழுதியிருந்தது. விடுவிப்பதைக் காட்டிலும், லேஅவுட்டை ஒரே முறை உருவாக்கி வைத்துக்கொண்டு நொடிதோறும் உரையை மட்டும் மாற்றுவதே முறை என்று பட்டதால் அப்படியே திருத்தினேன்.

டைமரில் இருந்த கசிவு இரண்டாவதாக நின்றது. புதிய நேரச் சரத்தின் (எழுத்துத் தொடரின்) நினைவக முகவரியைப் பழைய சுட்டியின் மேலேயே எழுதியதால் பழைய சரம் அனாதையாகிக்கொண்டிருந்தது. யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட்டுகள் தேவை. 'ஞாயிறு' என்ற சொல்லுக்கு மட்டும் 18 பைட்டுகள். தேதியும் நேரமும் சேர்ந்த ஒரு சரத்துக்கு 64 பைட் துண்டு ஒதுக்கப்பட்டது. நாளொன்றுக்கு 86,400 துண்டுகள், சுமார் 5 மெகாபைட். இதைத் திருத்துகையில் தானாக விடுவிக்கும் 'ஜி_ஆட்டோஃப்ரீ' வசதியையும் பயன்படுத்திப் பார்த்தேன். பழைய விடுவிப்பு வரியை ஓரிடத்தில் நீக்க மறந்ததால், ஒரே இடம் இரு முறை விடுவிக்கப்பட்டு நிரல் உடனே விழுந்தது. கசிவைவிட இது மேல், உடனே தெரிந்துவிடுகிறது.

இரண்டையும் சரிசெய்த பிறகும் இரவொன்றுக்கு 2 மெகாபைட் ஏறியது. வால்கிரிண்டோ 'நிச்சயமாக இழந்தவை' என்ற வரியில் என் நிரலைச் சொல்லவே இல்லை. இங்கே நான் இரண்டு மாலைகளை வீணாக்கினேன்.

விடை வேறொரு பிழையிலிருந்து வந்தது. எப்போதாவது வெப்பநிலை இருக்கும் இடத்தில் எண் மறைந்து வெறும் கோடு தெரியும். அதைச் சென்சாரின் கோளாறு என்று விட்டிருந்தேன். விந்தை என்னவென்றால், கணினியை நான் நன்றாகப் பயன்படுத்திய நாள்களில் அது தாமதமாக வந்தது. சும்மா விட்டிருந்த நாள்களில் 18 மணி நேரத்திலேயே வந்துவிட்டது. ஒரு முறை கோடு தெரிந்த உடனே, 'ப்ராக்' அடைவில் நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிட்டேன். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வரிகள், ஏறக்குறைய எல்லாமே அதே வெப்பநிலைக் கோப்பு. ஒரு நிரல் ஒரே நேரத்தில் திறந்து வைக்கக்கூடிய கோப்புகளுக்கு இயல்பான வரம்பு 1,024.

நிமிடத்துக்கு ஒரு முறை அந்தக் கோப்பைத் திறந்து படிக்கிறேன். மதிப்பு மாறவில்லையென்றால் வேலையில்லை என்று அங்கேயே திரும்பிவிடுகிறேன், கோப்பை மூடாமல். கணினி சும்மா இருக்கும்போது வெப்பநிலை மாறுவதில்லை, எனவே ஒவ்வொரு நிமிடமும் ஒரு கோப்பு திறந்தபடியே நின்றது. திறந்த கோப்புகளின் பட்டியலைச் சி நூலகமே வைத்திருப்பதால், அந்த நினைவகத்தை அடைய இன்னும் ஒரு சுட்டி இருக்கிறது. அதனால் வால்கிரிண்டின் கணக்கில் அது இழந்தது ஆகாது, 'இன்னும் எட்டக்கூடியது' ஆகும். அந்த வகையைக் கேட்காவிட்டால் அது விரித்துக் காட்டாது. 'ட்ராக்-எஃப்டிஎஸ்' என்ற விருப்பத்தைச் சேர்த்து ஓட்டியபோது, மூடப்படாத ஒவ்வொரு கோப்பையும் அது திறக்கப்பட்ட வரியோடு சேர்த்துச் சொன்னது. முதல் நாளே அதைச் சேர்த்திருக்கலாம்.

திருத்திய நிரலை ஒரு வாரம் இடைவிடாமல் ஓடவிட்டேன். முதல் மணி நேரத்தில் 41 மெகாபைட்டிலிருந்து 43-க்கு ஏறி, பிறகு ஏழு நாளும் அங்கேயே நின்றது, ஸ்வாப் பூச்சியம். வெளித்திரையை இணைத்துக் கழற்றும்போதெல்லாம் சுமார் 300 கிலோபைட் கூடுவதை மட்டும் நேற்று கவனித்தேன். அது என் வரிகளிலிருந்து வருகிறதா, நூலகத்தின் தேக்கமா என்பதை அறிய, இருபது முறை இணைத்துக் கழற்றிய ஓர் அறிக்கையும் நாற்பது முறைக்கான இன்னோர் அறிக்கையும் எடுக்க வேண்டும்; கேபிளின் முனை தாங்குமா என்பதுதான் இப்போதைய கவலை.