ப்ரிபொசிஷனைக் கேட்பது யார்?

எஸ்எஸ்சி (மத்திய அரசு வேலை), வங்கித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் ஆங்கிலத்தின் ப்ரிபொசிஷனை (இன், ஆன், அட் மாதிரிச் சின்னச் சொற்கள்) ‘இன் என்றால் உள்ளே, ஆன் என்றால் மேலே’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். மேசை மேல் புத்தகம் இருக்கும்வரை அது போதும். தேர்வில் மேசை வருவது அபூர்வம். ‘அக்யூஸ்ட்’, ‘கேப்பபிள்’, ‘இன்சிஸ்ட்’ மாதிரி ஆட்கள்தான் வருவார்கள்.

எனக்குக் கைகொடுத்தது ஒரே கேள்வி. இந்த ப்ரிபொசிஷனைக் கேட்பது யார்? கோடிட்ட இடத்துக்குப் பின்னால் வருகிற சொல்லா, முன்னால் நிற்கிற சொல்லா?

பின்னால் வருவது நேரம் என்றால் வேலை சுலபம். மணிக்கு அட், கிழமைக்கும் தேதிக்கும் ஆன், மாதத்துக்கும் வருடத்துக்கும் இன். ‘இன் த மார்னிங்’கில் கிழமை நுழைந்தால் ‘ஆன் மண்டே மார்னிங்’ ஆகிவிடும். ஒரு சாயங்காலத்தில் முடிகிற பாடம் இது.

முன்னால் நிற்கும் சொல் கேட்டால் அர்த்தம் யோசித்துப் பயனில்லை. பாம்புக்குப் பயம் என்கிறோம். அந்த ‘கு’வை நம்பி டு போட்டால் மார்க் போயிற்று, ‘அஃப்ரெய்ட்’ கேட்பது ஆஃப். ஒரே திருட்டுதான், ஆனால் ‘அக்யூஸ்ட்’ வந்தால் ஆஃப், ‘சார்ஜ்ட்’ வந்தால் வித். சீனியர், ஜூனியர், சுப்பீரியர் மூன்றும் லத்தீனிலிருந்து வந்தவை; டேன் (than) வேண்டாம், டுதான். ஆகவே நோட்டில் ‘டிபென்ட்’ என்று தனியாக எழுதாதீர்கள். ‘டிபென்ட் ஆன்’ என்று ஒரே சொல்லாக எழுதி, கீழே ஒரு வாக்கியமும் எழுதுங்கள்.

தமிழ் உருபு வழுக்கிவிடும் இடங்கள் இன்னும் உண்டு. ‘2015லிருந்து இங்கே இருக்கிறேன்’ என்பதற்கு ஃப்ரம் வரத் துடிக்கும். ‘ஐ ஹேவ் பீன் லிவிங் ஹியர் சின்ஸ் 2015’ என்பதுதான் சரி. பத்து வருஷமாக என்றால் ஃபார். ‘க்குள்’ இதைவிடப் பொல்லாதது. ‘திங்கள்கிழமைக்குள் கொடு’ என்பதற்கு ‘விதின் மண்டே’ என்று எழுதுகிறவர்களை அலுவலகங்களில் இன்றும் பார்க்கலாம். கெடு நாளுக்கு ‘பை மண்டே’. விதின், ‘த்ரீ டேஸ்’ மாதிரி கால அளவுக்குத்தான். ‘திங்கள்கிழமை வரை இரு’ என்றால் அன்டில். பையும் அன்டிலும் பக்கத்துப் பக்கத்து ஆப்ஷனாக வந்தால், அந்த வேலை கெடுவுக்கு முன் ஒருமுறை நடந்து முடிவதா, அதுவரை நீள்வதா என்று பாருங்கள்.

பிழை கண்டுபிடிக்கும் கேள்விகளில் பிரியமான பொறி, ப்ரிபொசிஷனே தேவைப்படாத வினைகள்: டிஸ்கஸ், என்டர், ரிசெம்பிள், அவெய்ட், ரீச். நம்மைச் சுற்றி எல்லோரும் ‘டிஸ்கஸ் அபௌட்’ என்றே பேசுவதால் காது அதைப் பிழையாகக் காட்டிக்கொடுக்காது. பட்டதாரிகளுக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் தேர்வின் முதல் கட்டத்தில் 100 கேள்விகளில் 25 ஆங்கிலம், ஒவ்வொரு தவறான விடைக்கும் அரை மார்க் கழிவு. ‘நோ எர்ரர்’ என்று குறிக்கக் கை போகும்போது, வாக்கியத்தில் இந்த வினைகளில் ஒன்று இருக்கிறதா, அதன் பின்னால் ஒரு ப்ரிபொசிஷன் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுக் குறியுங்கள்.