16.5 மி.மீ.

மார்ச் 2

பரிசு மோதிரத்துக்கு அளவு தெரிய, இழுப்பறையில் இருந்த பழைய மோதிர வளையத்தை மூன்று முறை அளந்தாயிற்று. 16.5, 16.4, 16.5. வெர்னியர் காலிப்பர் என்ற அளவுக்கருவியின் மேல்பக்கச் சின்னத் தாடைகளை உள்ளே விட்டு விரித்தால்தான் உள்விட்டம் கிடைக்கும். கீழே உள்ள பெரிய தாடைகள் வெளிப்பக்கத்துக்கு. தினமும் போடும் வளையம் லேசாக நசுங்கி முட்டை வடிவத்துக்கு வந்திருக்கும். அதனால் ஒருமுறை அளந்து, கால் சுற்று திருப்பி மறுபடி அளந்து, இரண்டுக்கும் நடுவில் உள்ளதை எடுக்க வேண்டும். உள்சுற்றளவு 51.8.

எந்த விரலுக்கு என்று தெரியாதவரை இது வெறும் எண்.

மார்ச் 3

பரிசில் முக்கியம் விலையா, மனசா? கேட்கிறவர்கள் எல்லாரும் கொடுக்கிற பக்கம் நின்றுதான் கேட்கிறார்கள். பிரான்சிஸ் ஃபிளினும் கேப்ரியல் ஆடம்ஸும் 2009இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டு பக்கமும் கேட்டார்கள். விலை ஏற ஏற மகிழ்ச்சியும் ஏறும் என்று கொடுத்தவர்கள் நம்பினார்கள். பரிசைப் பெற்றவர்களிடம் அப்படியொரு தொடர்பே காணோம். நிச்சயதார்த்த மோதிரத்திலும் இதே கதைதான்.

இதைப் படித்துவிட்டு "சரி, அன்பு போதும்" என்று கிளம்பினால் அது அடுத்த தப்பு. அன்பு போதும் என்று அந்த ஆய்வு எங்கேயும் சொல்லவில்லை.

மார்ச் 4

பரிசுப் பெட்டியில் விலைச்சீட்டு அப்படியே இருக்கிறது.

மார்ச் 6

இன்னொரு ஆய்வு: யான் ஜாங், நிக்கலஸ் எப்லி, 2012. கையில் வந்த பொருள் பிடித்திருந்தால், அதன் பின்னால் எவ்வளவு யோசனை இருந்தது என்று வாங்கியவர் தோண்டிப் பார்ப்பதில்லை. பிடித்தது, முடிந்தது. ஏன் இதைப் போய்க் கொடுத்தார் என்று நின்று யோசிக்க வைக்கும்போதுதான் யோசனை கணக்கில் வருகிறது. அப்படியானால் பத்து நாள் மண்டையைக் குடைந்ததன் பலன் யாருக்கு? கொடுத்தவருக்குத்தான். யோசித்துக் கொடுத்தவர், எதிரில் இருப்பவரிடம் தான் நெருங்கியதாக உணர்கிறார்.

கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கிறது இதைப் படித்தால்.

மார்ச் 7

கேட்டதைக் கொடு. ஃபிரான்செஸ்கா ஜீனோவும் ஃபிளினும் 2011இல் சொன்னது இவ்வளவே: கேட்காத ஒன்றைத் தானே தேடிக் கொடுத்தால் அக்கறை தெரியும் என்று கொடுப்பவர் நினைக்கிறார், வாங்குபவருக்கோ கேட்டதே வந்தால்தான் அக்கறையாகத் தெரிகிறது. கேட்கவே கேட்காத ஆளிடம் என்ன செய்வது?

மார்ச் 9

கையால் செய்வது என்று இறங்கினால் நோட்டுப் புத்தகம்தான் எளிது. எளிது என்பதாலேயே பலர் கெடுக்கிறார்கள்.

முதலில் தாளின் இழை, அதாவது அதன் நார்கள் ஓடும் திசை. கடையில் வரும் ஏ4 தாளில் இழை பெரும்பாலும் நீளவாக்கில் ஓடும். அதைப் பாதியாக மடித்தால் மடிப்பு இழைக்குக் குறுக்கே விழும். மடிப்பில் விரிசல் விடும், புத்தகம் திறந்தால் படியாமல் விறைத்து நிற்கும். நீளவாக்கில் இழை ஓடும் ஏ3 தாளை வாங்கிப் பாதியாக வெட்டினால் சரியான இழையோடு ஏ4 கிடைக்கும். சந்தேகம் இருந்தால் 5 செ.மீ. சதுரத் துண்டை வெட்டி ஒரு பக்கம் மட்டும் ஈரமாக்கிப் பார்க்கலாம். சுருளும். அந்தக் குழாய் எந்தத் திசையில் நீள்கிறதோ அதுதான் இழை.

எட்டுத் தாள் மடித்தால் 32 பக்கம். அதற்கு மேல் ஒரே அடுக்கில் போனால் உள்தாள்கள் விளிம்பில் துருத்தும், ஆகவே தைத்த பிறகே விளிம்பை வெட்டுவது. மடிப்பில் மூன்று துளை: மேலிருந்து 35, 105, 175 மி.மீ. மெழுகு பூசிய நூல் 55 செ.மீ. உள்ளிருந்து நடுத்துளை வழியாக வெளியே, மேல்துளை வழியாக உள்ளே, நடுவைத் தாண்டிக் கீழ்த்துளை வழியாக வெளியே, மறுபடி நடுத்துளை வழியாக உள்ளே. இரண்டு முனைகளும், நடுவைத் தாண்டிப் போன அந்த நீள நூலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாக இருக்க வேண்டும்; அதன்மேல்தான் முடிச்சு. இறுக்கும்போது மடிப்பின் வாக்கிலேயே இழுக்க வேண்டும். தன் பக்கமாக இழுத்தால் துளை கிழிந்து நீண்டுவிடும்.

இவ்வளவும் பிசகில்லாமல் செய்து, கையால் எழுதும் பழக்கமே இல்லாத ஒருவருக்குக் கொடுத்தால்? உழைப்பு வேறு, யோசனை வேறு. உழைப்பு செய்கிறவனுக்குச் சுகமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

மார்ச் 10

கையால் செய்ததை மாற்ற முடியாது. பிடிக்கவில்லை என்று சொல்லவும் முடியாது. கடையில் வாங்கியதற்கு ரசீது இருக்கிறது. அதைத் தனி உறையில் போட்டுக் கொடுப்பதும் அக்கறைதான், யாரும் அதை அப்படிப் பார்ப்பதில்லை.

மார்ச் 11

விலைச்சீட்டு. தலைமுடி உலர்த்தியால் அரை நிமிடம் சூடு காட்டி, ஒரு மூலையைத் தூக்கி, அட்டையோடு ஒட்டினாற்போல் மெதுவாக உரிக்க வேண்டும். மேலே தூக்கி இழுத்தால் அட்டையின் தோலும் சேர்ந்து வரும். மீந்த பசைக்கு எண்ணெய் தேய்ப்பது கண்ணாடிக்குச் சரி, அட்டையில் கறை பிடிக்கும். அட்டைக்குப் பென்சில் அழிப்பான்.

விலை பார்த்து வாங்கி, விலையை மறைத்துக் கொடுக்கிறோம்.

மார்ச் 13

விலைக்குப் பங்கே இல்லை என்றும் சொல்லக் கூடாது. கிறிஸ்டோஃபர் ஷீ 1998இல் ஓர் ஆய்வில் காட்டியது: கூடுதல் விலையுள்ள மலிவு ரகக் கோட்டு கொடுத்தவரைவிட, அதைவிடக் குறைந்த விலையுள்ள உயர்ரக ஸ்கார்ஃப் கொடுத்தவர் தாராளமானவராகத் தெரிகிறார். பொருளை அதன் சொந்த இனத்தோடுதான் கண் ஒப்பிடுகிறது. கையில் இருப்பதை வைத்துச் சின்னப் பொருளில் நல்லதை வாங்கு, பெரிய பொருளில் மட்டமானதை வாங்காதே.

பொருளாதார அறிஞர் ஜோயல் வால்ட்ஃபோகல் 1993இல் போட்ட கணக்கில், பரிசின் விலையில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை அதைப் பெற்றவர் போடும் மதிப்பில் காணாமல் போகிறது. காதலர்கள், நண்பர்கள் கொடுத்ததில் இழப்பு குறைவு. தூரத்தில் இருந்து கொடுக்கும் பெரியவர்களின் பரிசில் அதிகம். பாசம் குறைவு என்பதால் இல்லை. என்ன பிடிக்கும் என்று தெரியாது. யோசனை என்கிற பெரிய வார்த்தைக்குள் இருப்பது இந்தத் தெரிதல் மட்டும்தான் போலிருக்கிறது. விரல் அளவு மாதிரி.

மார்ச் 14

குளிரில் விரல் சுருங்கும், வெக்கையில் உப்பும். காலையில் அளந்ததை நம்பக் கூடாது. பழகிய கையின் விரல் பெரும்பாலும் மற்றதைவிடக் கொஞ்சம் தடிமன். கணு பெரிதாக இருந்தால் கணுவைத் தாண்டும் அளவுதான் அளவு. காகிதத் துண்டைச் சுற்றி அளப்பவர்களுக்கு: சுற்றளவில் 1 மி.மீ. பிசகினால் விட்டத்தில் 0.32 போகும்.

சுற்றிலும் கல் பதித்த மோதிரத்தைப் பெரிதாக்கச் சொன்னால் கல்லின் பிடி தளரும். டங்ஸ்டன் என்ற கடின உலோக மோதிரத்தை அறுத்து ஒட்டவே முடியாது. உள்ளே பெயர் பொறிப்பதை அளவு உறுதியான பிறகு வைத்துக்கொள்ளலாம். பொறித்தபின் அளவு மாற்றினால் வெட்டு எழுத்தின் நடுவே விழலாம்.

மார்ச் 15

உரித்தாயிற்று. பசை போகவில்லை.

மார்ச் 16

நடுவிரலாம் அது. இழுப்பறையில் இருந்தது நடுவிரல் வளையம்.