தொட்டுப் பார்க்கப் பழகிய மாரி

என் உள்ளகப் பயிற்சி யாழ்ப்பாணத்து மாரியோடு தொடங்கியது. கார்த்திகையில் மழை பிடித்தால், மார்கழி தைக்குள் வோர்ட்டில் டெங்குக்காரர் நிறைந்துவிடுவார்கள். உறுப்புகளுக்கு இரத்தம் போதாமற் போகும் நிலையான ஷொக்கின் வகைகளைப் பரீட்சைக்குப் பாடமாக்கியிருந்தேன். உடலில் இரத்தமோ நீரோ குறைவது, இதயம் தள்ள முடியாமற் போவது, குழாய்கள் தளர்ந்து விரிவது, ஓட்டத்தை ஏதாவது மறிப்பது. கட்டிலடியில் நின்றபோது அந்தப் பாடம் ஒன்றும் வாயில் வரவில்லை.

முதலில் அகப்பட்டது சீனி வருத்தம் உள்ள ஓர் ஐயா. வாந்தி, வியர்வை, பிரஷர் 80/60. "நேற்றையில இருந்து ஒண்டும் சாப்பிடேல்லை" என்றார் மகள். சரி, நீர் வற்றிவிட்டது என்று சேலைனை வேகமாக ஓடவிட்டேன். கால் போத்தல் இறங்கவில்லை, மூச்சு இழுக்கத் தொடங்கியது. ஓடி வந்த சீனியர் ஒன்றும் பேசாமல் சேலைன் குழாயின் சில்லை உருட்டிப் பூட்டினார். கழுத்து நாளம் புடைத்திருந்தது, கை ஐஸ்போல, நெஞ்சின் இரு பக்கமும் கரகரப்பு. ஈசிஜியில் பெரிய மாரடைப்பு. சீனிக்காரருக்கு நெஞ்சு நோகாமலே அது வரும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஈசிஜி எடுக்க நினைக்கவில்லை. பிரஷரை உயர்த்தும் நொரட்ரினலின் ஏற்றி ஐசியுவுக்கு அனுப்பினோம். ஐயா தப்பிவிட்டார். சேலைன் சில்லைத் திறக்கும் முன் கழுத்தைப் பார்க்கும் பழக்கம் எனக்கு அன்று வந்தது.

பனையால் விழுந்த ஒருவரிடம் இன்னொரு கணக்கு. பிரஷர் 80. இரத்தம் உள்ளே போகிறதென்றால் நாடி ஓட வேண்டும், கால் குளிர வேண்டும். இவருக்கு நாடி 52, கால் இளஞ்சூடாக, காய்ந்து கிடந்தது. வயிற்றை ஸ்கான் செய்து இரத்தக்கசிவு இல்லையென்று பார்த்த பிறகுதான் முதுகுத்தண்டில் அடி, அதனால்தான் குழாய்கள் தளர்ந்துவிட்டன என்றார்கள். கிருமி இரத்தத்தில் ஏறியவர்களுக்கும் தொடக்கத்தில் கை சூடாகவே இருக்கும், ஆனால் நாடி பறக்கும்.

இந்தக் கணக்குகள் எல்லாம் ஓரளவு பிடிபட்ட நேரத்தில்தான் அந்தப் பெடியன் வந்தான். 14 வயது, 40 கிலோ, காய்ச்சலின் ஐந்தாம் நாள். அன்று காலை காய்ச்சல் விட்டிருந்தது. எழும்பியிருந்து கதைத்தான். "காய்ச்சல் விட்டிட்டுதுதானே டொக்டர், வீட்டை கூட்டிக்கொண்டு போகலாமோ?" என்றார் தாய். பிரஷர் 100/84. நூறு இருக்கிறதே என்று நான் அடுத்த கட்டிலுக்கு நகர, நர்ஸ் மிஸ்ஸி மறித்தார்.

"கீழ எண்ணையும் பாருங்கோ டொக்டர். காலைத் தொட்டுப் பாருங்கோ."

மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடைவெளி 16. டெங்குவில் 20க்கு இறங்கினாலே ஷொக். பெருவிரல் நகத்தை அழுத்திவிட்டேன். இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டியது, நாலு விநாடி வெள்ளையாகவே நின்றது. பிசிவி, அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்களின் வீதம், முதல் நாள் 38, இப்போது 50. இரத்தத்தின் நீர் குழாய்க்கு வெளியே கசிந்துகொண்டிருந்தது. காய்ச்சல் விடும் நேரமே அந்தக் கசிவின் நேரம் என்று தாய்க்கு எப்படிச் சொல்வது? ஷொக் என்றேன். "கரண்ட் அடிக்கேல்லையே" என்று விழித்தார். அந்தச் சொல்லை வீட்டுக்காரரிடம் நான் பிறகு பாவிப்பதில்லை.

ஒரு மணித்தியாலத்தில் 400 மில்லிலீற்றர் சேலைன், அப்புறம் மெல்ல மெல்லக் குறைத்தோம். பதினைந்து நிமிடத்துக்கொருமுறை நாடியும் பிரஷரும், மணிக்கொருமுறை சிறுநீர் அளவும். சேலைன் குறைந்தால் சிறுநீரகம் போகும், கூடினால் நுரையீரலில் தேங்கும். கசிந்த நீர் இரண்டு நாளில் தானாகத் திரும்பும், அப்போது நாம் ஊற்றியதும் சேர்ந்து திரும்பும். அந்த இரவு முழுக்க என் சட்டைப் பையில் துண்டுக் கணக்குகள்.

மூன்றாம் நாள் அவன் போத்தல் போத்தலாகச் சிறுநீர் கழித்தான். சேலைனை நிறுத்தினோம். ரவுண்ட்ஸ் போகையில் பார்த்தேன், தாய் அவன் நெற்றியில் கைவைக்கவில்லை. போர்வைக்குள் கைவிட்டு உள்ளங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.