ஷெர்மனை எழுப்ப ஐம்பது சுற்று

பட்டனை அழுத்தினால் டாங்கி கிளம்பிவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். தெற்கு இங்கிலாந்தில், பழைய போர் வண்டிகளைச் செப்பனிடும் தனியார் பட்டறை ஒன்றுக்கு வார இறுதிகளில் ஒத்தாசைக்குப் போகிறேன். இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க டாங்கியான ஷெர்மன் எம்4ஏ1 ஒன்று அங்கே ஓடும் நிலையில் இருக்கிறது. நான்கு மாதம் துடைப்பதிலும் கிரீஸ் வைப்பதிலும் கழிந்தது. போன மாதம், "இன்று நீயே எழுப்பு" என்றார் மூத்த மெக்கானிக்.

அதன் இன்ஜின் விமானத்துக்காகப் பிறந்தது. ரைட் நிறுவனத்தின் வடிவமைப்பை உரிமம் பெற்று கான்டினென்டல் தயாரித்த ஆர்975. ஒன்பது சிலிண்டர்கள் பூவிதழ்போல வட்டமாக நிற்கும். ஏறத்தாழ 16 லிட்டர், 400 குதிரைத்திறன். வில்லங்கம் வட்டத்தின் அடியில் இருக்கிறது. வண்டி சும்மா நிற்கையில் எண்ணெய் வடிந்து கீழ்ச் சிலிண்டர்களில் தேங்கிவிடும். காற்று அமுங்கும், எண்ணெய் அமுங்காது. அந்த நிலையில் ஸ்டார்ட்டரைத் தட்டினால், பிஸ்டனைச் சுழல்தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஆகவே முதலில் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும்.

பின்கதவுகளைத் திறந்து கைப்பிடியைச் செருகினேன். ஐம்பது சுற்று. நடுவில் பல்சக்கரங்கள் இருப்பதால், அத்தனைக்கும் இன்ஜின் இரண்டு மூன்று முறைதான் சுழலும். இருபதிலேயே சட்டை நனைந்துவிட்டது. முப்பத்தொன்றில் கைப்பிடி சுவரில் முட்டியதுபோல் நின்றது. தம் கட்டி ஒரு தள்ளு தள்ளலாம் என்று காலை ஊன்றினேன்.

"கையை எடு!"

மூத்தவர் அப்படிக் கத்தி அன்றுதான் கேட்டேன்.

அடியில் இருக்கும் ஐந்தாம், ஆறாம் சிலிண்டர்களின் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினோம். கருத்த எண்ணெய் முதலில் நூலாக இறங்கியது. அடுத்த கணம் குபுக்கென்று கொட்டி மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வழிந்தது. ஒரு டம்ளருக்கு மேலேயே இருக்கும். ராடை வளைக்க அது தாராளம்.

எம்4ஏ4 வகை ஷெர்மனில் ஐந்து கிரைஸ்லர் கார் இன்ஜின்களை ஒன்றாகப் பிணைத்திருந்தார்கள். மொத்தம் முப்பது சிலிண்டர். அதற்குப் பிளக் மாற்றியவர்களை எண்ணி மனதைத் தேற்றிக்கொண்டேன்.

எண்ணெய் முழுக்க வடிந்ததும் பிளக்குகளைத் திரும்ப மாட்டி, மறுபடி ஒன்றிலிருந்து ஐம்பது வரை சுற்றினேன். இந்த முறை எங்கும் தடையில்லை. பிறகு பெட்ரோல் வால்வு, தொடக்கத்துக்கு பெட்ரோலை உள்ளே தள்ளும் பிரைமர், பிளக்குகளுக்குத் தீப்பொறி மின்சாரம் தரும் இரண்டு மேக்னெட்டோக்கள், கிளட்ச். வெளியே ஒருவர் தீயணைப்பானைத் தூக்கிக்கொண்டு நின்றார். ஸ்டார்ட்டர் முனகியது, இன்ஜின் இரண்டு முறை இருமியது, நீலப்புகை கதவுவரை மூடியது. அதற்குள் ஒன்பதும் பிடித்துக்கொண்டன. எண்ணெய் அழுத்த முள் எழும்வரை நான் வேறெதையும் பார்க்கவில்லை.

பட்டறை வாசலிலிருந்து வேலி வரை போய்த் திரும்பினோம், அவ்வளவுதான். ஒரு மணி நேரம் கழித்து, தாமதமாக வந்த விருந்தினர் இருவர் இன்னொரு முறை ஓட்டிக்காட்ட முடியுமா என்று கேட்டார்கள். மூத்தவர் பதில் சொல்லாமல் கைப்பிடியை என்னிடம் நீட்டினார்.