பதில் சொல்லும் முன் பலகையைப் பார்த்தவன்

"தலை சுத்துதுன்னு சார்கிட்ட சொல்லிராத, வெளிய உக்கார வச்சிருவாரு." எங்கள் பள்ளிக் கபடி அணியில் எதிரணிக்குள் பாடிப் போகும் ரைடர் தன்னைவிட இளைய மாணவன் ஒருவனிடம் இப்படிச் சொல்வது தற்செயலாக என் காதில் விழுந்தது. முன்பு தலையில் அடிபட்டபோது அந்த ரைடரை வெளியே உட்கார வைத்த பயிற்சியாளன் நான்தான். அந்த முடிவில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஆனாலும் அந்தச் சொற்கள் என்னை விடவில்லை.

தங்கச்சிமடத்தை ஒட்டி நடந்த மின்னொளிப் போட்டி அது. மாவட்ட அணிக்கு ஆள் எடுப்பவர்களும் வந்திருந்தார்கள். பாடிப் போன அவனைப் பிடிக்கப் பாய்ந்த, ஓரத்தில் நிற்கும் கார்னர் ஆட்டக்காரனின் முழங்கால் அவன் நெற்றிப்பொட்டில் இடித்தது. அவன் மயங்கவில்லை, உடனே எழுந்தும் விட்டான். ஆனால் எதிரணியில் அவுட் ஆனவர்கள் உட்கார்ந்திருந்த வரிசையில் போய் உட்கார்ந்தான். தலையில் அடிபட்டு மூளை குலுங்கும் மூளை அதிர்வு (கன்கஷன்) ஏற்பட்டவர்களில் பெரும்பாலோர் நினைவிழப்பதில்லை என்பதால், விழுந்தானா என்பதைவிட எழுந்த பிறகு என்ன செய்கிறான் என்பதையே நான் கவனிப்பேன். பாயிண்ட் எத்தனை என்று கேட்டேன். அவன் மெல்லத் திரும்பி ஸ்கோர் பலகையைப் பார்த்துவிட்டுச் சரியாகச் சொன்னான். "உன்னைப் பிடிச்சது யாரு?" என்றேன். "எப்ப சார்?" என்றான். பெயரையும் ஊரையும் கேட்டால் அதிர்வு உள்ளவனும் பிழையின்றிச் சொல்லிவிடுவான். ஆட்டத்தைப் பற்றிக் கேட்பது அதனால்தான்.

அவனுடைய தாய்மாமன் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்தார். "நல்லாத்தானே நிக்கிறான் சார்? போட்டுல தலை இடிச்சாலும் நாங்க வலை இழுக்காமயா இருக்கோம்?" என்றார். நான் கிரிக்கெட் வீரர் ஜடேஜாவை நினைவூட்டினேன். 2020 டிசம்பரில் கான்பெராவில், நம் நடராஜன் முதன்முதலாக டி20 சர்வதேசப் போட்டியில் ஆடிய அன்று, கடைசி ஓவரில் ஹெல்மெட்டில் பந்து பட்ட பிறகும் ஜடேஜா இன்னிங்ஸ் முடியும்வரை நின்று ஆடினார். இடைவேளையில் பரிசோதித்துத்தான் அவரை நிறுத்தினார்கள். "அவருக்குப் பதிலா சஹால் எறங்குனாரு, மூணு விக்கெட் எடுத்தாரு, இந்தியா ஜெயிச்சுது. இவன் எடத்துல வேற பையனை எடுத்துட்டா, இவனுக்கு என்ன சார் மிச்சம்?" என்று அவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்றும் என்னிடம் பதில் இல்லை.

பாம்பன் பாலத்தைத் தாண்டி ராமநாதபுரம் கொண்டுபோய் ஸ்கேன் எடுத்ததில் எதுவும் தெரியவில்லை. மாமாவுக்கு அதுவே சான்றாகிவிட்டது. இரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும் சி.டி. ஸ்கேனில் மூளை அதிர்வு பெரும்பாலும் தெரியாது என்றும், முதல் அடி ஆறுமுன் இன்னொரு அடி விழுந்தால் இளம் வயதினருக்கு அரிதாக மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம் என்றும் சொன்னேன். அவர் மறுக்கவில்லை, நம்பியதாகவும் தெரியவில்லை. மறுநாள் முதல் வெயிலில் மணலைப் பார்த்தால் கண் கூசுகிறது, படித்தால் தலை வலிக்கிறது என்று பையனே சொன்னான். இருட்டறையில் நாள்கணக்கில் படுக்க வைக்கும் பழைய முறையை, விளையாட்டில் ஏற்படும் மூளை அதிர்வு பற்றிய 2022 ஆம்ஸ்டர்டாம் மாநாட்டு வழிகாட்டுதல் ஏற்பதில்லை. ஓரிரு நாள் அளவான ஓய்வு, பிறகு நடை, அதன்பின் குறைந்தது ஒரு நாள் இடைவெளியில் படிப்படியாகப் பயிற்சி, மருத்துவர் சம்மதித்த பின்பே பிடி ஆட்டம் என்கிறது. அப்படியே செய்தோம். அவன் முழுமையாகத் தேறினான். மாவட்ட அணித் தேர்வுப் பட்டியலில் அவன் பெயர் இல்லை.

அவன் அன்று ஏமாற்ற முயன்றானா, நினைவு தடுமாறிப் பலகையைத் தேடினானா என்பதை மட்டும் என்னால் இன்னும் தீர்மானிக்க முடியவில்லை. இனி அவன் ஏமாற்றுவான் என்பது நிச்சயம். பிறருக்கும் கற்றுத் தருகிறான். தலைவலியையும் தலைசுற்றலையும் அளக்க மைதானத்தில் கருவி எதுவும் கிடையாது, பிள்ளைகளின் வாய்ச்சொல்தான் உண்டு. ஒருவனைக் காப்பாற்றிய முடிவு மற்றவர்களின் வாயை அடைத்துவிட்டது என்று சில இரவுகளில் தோன்றுகிறது. அவனை ஆட விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணும்போது அந்த எண்ணமே அபத்தமாகிவிடுகிறது. இந்தப் பருவத்தில், தலையில் அடிபட்டதை மறைக்காமல் சொல்பவனுக்கு அணியில் அவன் இடம் அப்படியே இருக்கும் என்று பெற்றோர் முன்னிலையிலேயே சொல்லியிருக்கிறேன். பள்ளி அணி என் கையில் இருப்பதால் அதைக் காப்பாற்ற முடியும். மாவட்டத்துக்கு ஆள் எடுக்க வருபவர்கள் ஒரே ஒரு நாள்தான் வருகிறார்கள். அவர்களிடம் இதை யார் சொல்வது?