எத்தனாவது கணு

ஜூலை 2

விதைச்சாச்சு. மூணு ஏக்கரும் ஆமணக்கு. அப்பா ஆஸ்பத்திரி பெட்ல படுத்துக்கிட்டே போன்ல கணக்கு சொன்னாரு, நூறு முத்த எண்ணி தராசுல போடும்மான்னாரு, போட்டேன், 28 கிராம். அப்ப ரெண்டு கிலோவுல ஏழாயிரத்து சொச்சம் முத்து. வரிசைக்கு வரிசை நாலடி, செடிக்கு செடி மூணடி, ஏக்கருக்கு 3,630 குழி, குழிக்கு ரெண்டு முத்து. ஏக்கருக்கு ரெண்டு கிலோ சரியா வருதுன்னு சொன்னதும் போன்ல ஒரு பெருமூச்சு கேட்டுச்சு. அவருக்கு இப்ப பேசினாலே மூச்சு வாங்குது, ஆனா இது அந்த மூச்சு இல்ல.

கிலோவுக்கு 4 கிராம் ட்ரைக்கோடெர்மாங்குற நல்ல பூஞ்சைய கலந்துதான் போட்டோம். வாடல் நோய் மண்ணுக்குள்ளயே இருக்கும், வந்தப்பறம் மருந்து தேடி பிரயோஜனம் இல்லன்னு அப்பா பத்து தடவையாவது சொல்லிட்டாரு.

அண்ணன் போன் எடுக்கல.

ஜூலை 5

மழை இல்ல.

ஜூலை 6

ராத்திரி ஒரு மணிக்கு புடிச்சது ரெண்டரை வரைக்கும். எந்திரிச்சு வாசல்லயே உக்காந்திருந்தேன்.

ஜூலை 13

மொளச்சிருக்கு. வேற பயிரு மாதிரி மெல்லிசா எட்டிப் பாக்கல இது, தடியா வளஞ்ச கழுத்து மண்ண முட்டி வெடிக்க வெச்சு அப்பறம் ரெண்டு பெரிய வித்திலையையும் தூக்கிட்டு வருது. சில செடி மண்ணுக்கட்டியயே தலைல சொமந்துட்டு நிக்குது. பதினோரு நாள் ஆச்சு, அதுக்குள்ள நாலு எடத்துல தோண்டிப் பாத்துட்டேன், தோண்டக்கூடாதுன்னு தெரிஞ்சும். போட்டோ எடுத்து அனுப்பினேன். அப்பாவோட பக்கத்து பெட்காரர் வரைக்கும் காட்டினாராம்.

ஜூலை 17

இன்னிக்கு நடந்தத எழுதினாதான் தூக்கம் வரும்.

குட்டியோட சொப்புப் பாத்திரத்துல முத்து. மிச்சமான விதைப் பை, மேல பரண்லதான் வெச்சிருந்தேன், எலி ஓட்ட போட்டு கீழ சிந்தியிருக்கு. அவ அதுல சமைச்சு வெளயாடுறா. எண்ணினேன், ஒம்பது. எத்தன எடுத்தன்னு கேட்டா ஒம்பதுங்குறா, அவளுக்கு ஒம்பதுக்கு மேல எண்ணவே தெரியாது. வாய தொறக்கச் சொல்லி, நாக்கு, கன்னத்துக்குள்ள எல்லாம் விரல விட்டுப் பாத்தேன். உடனே டாக்டருக்கு போன். சாயங்காலம் வரைக்கும், நைட்டு வரைக்கும் வாந்தி எடுக்குறாளா வயித்த வலிக்குதான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ஒன்னும் இல்ல. தூங்குறா.

முழுசா முழுங்கினா கெட்டி ஓடு அப்படியே வெளிய வந்துரலாம், கடிச்சு மென்னுட்டா உள்ள இருக்குற ரைசின்ங்குற விஷம் வெளிய வந்துரும். நைட்டு உக்காந்து அதையே படிச்சுட்டிருந்தேன், படிச்சிருக்கக் கூடாது. 1978ல லண்டன்ல ஜார்ஜி மார்கோவ்னு ஒரு பல்கேரிய எழுத்தாளர் தொடைல குண்டூசித் தலை அளவு ஒரு குண்டு ஏறி செத்துப் போயிருக்காரு, அதுக்குள்ள இருந்தது ரைசின்னுதான் முடிவு பண்ணியிருக்காங்க. அந்த ரைசின் இந்த முத்துலதான் இருக்கு. பயமே இல்லாம கொழந்தைக்கு தடவுற விளக்கெண்ணெயும் இதுலருந்துதான், ஆனா ரைசின் தண்ணில கரையுற புரதம், எண்ணெயோட போகாது, புண்ணாக்குலயே தங்கிரும். அதனாலதான் அந்த புண்ணாக்கு நெலத்துக்கு ஒரம், மாட்டுக்கு எமன். இதெல்லாம் எனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்ச விஷயம் நைட்டு ரெண்டு மணிக்கு வேற மாதிரி இருக்கு.

பைய தகர டின்ல போட்டு பூட்டிட்டேன். சாவி என் கழுத்துல.

ஜூலை 18

குட்டி நல்லா இருக்கா. ரெண்டு தடவ எழுப்பிப் பாத்தேன்.

ஜூலை 23

குழிக்கு ஒன்ன விட்டுட்டு இன்னொன்ன புடுங்கியாச்சு. ரெண்டும் நல்லாருந்த குழிதான் கஷ்டம். கூட வந்த அக்கா சரசரன்னு போயிட்டாங்க, நான் ஒவ்வொன்னுக்கும் நின்னு நின்னு. வேலைக்கு ஆகாதுன்னு என்ன களைக்கு அனுப்பிட்டாங்க.

ஆகஸ்ட் 1

களை களை களை. ஆமணக்கு மொத ஒன்னரை மாசம் ஊமையா நிக்கும், அந்த நேரத்துல புல்லு மேல ஏறிட்டா அப்பறம் செடி தேறவே தேறாது. "தானா மொளைக்குற செடிக்கு என்னத்துக்கு இவ்ளோ பாடு"ன்னு பக்கத்து காட்டு மாமா கேட்டுட்டுப் போறாரு. குப்பமேட்டுல நிக்குற ஆமணக்கையே பாத்து பழகினவங்க எல்லாரும் இத கேக்குறாங்க. வேலியோரம் நிக்குறது காய்ச்சா காய்க்கும் காய்க்காட்டி போகும், அத நம்பி யாரும் ஆஸ்பத்திரி பில்லு கட்டல.

அப்பாவுக்கு மறுபடி ஸ்கேன். 9ஆம் தேதி.

ஆகஸ்ட் 9

ரிசல்ட் செவ்வாய்க்கெழமை சொல்றாங்களாம்.

ஆகஸ்ட் 11

காவடிப்புழு. நேத்து வரைக்கும் ஓட்டை ஓட்டையாதான் இருந்துச்சு, இன்னிக்கு கெழக்கு மூலைல நரம்பு மட்டும் நிக்குது. ஒடம்ப வளைச்சு வளைச்சு காவடி தூக்கின மாதிரி போகுது, தொட்டா கீழ விழுந்துருது. மருந்து அடிச்சிரலாம்னு டேங்க் வரைக்கும் கழுவி வெச்சுட்டேன். அப்பாகிட்ட கேட்டா, இலை எவ்ளோ போயிருக்குன்னு கேட்டாரு. கால்வாசி கூட இல்ல. பொறு, புழுவ எடுத்து கைல வெச்சுப் பாரு, வால் பக்கம் எதாவது ஒட்டியிருக்கான்னு பாருன்னாரு. அப்பறம் நர்ஸ் போன வாங்கி வெச்சுட்டாங்க.

ஆகஸ்ட் 12

ஒட்டியிருக்கு! இருவது புழு எடுத்துப் பாத்தேன், பதிமூணுல பின்னாடி சின்னதா ஒரு கூடு. ஒரு குட்டிக் குளவி புழுவுக்குள்ள முட்ட வெச்சு, அதோட குஞ்சு உள்ளயே தின்னு வளந்து வெளிய வந்து அங்கயே கூடு கட்டிக்குமாம். புழு உசுரோட இருக்கும், ஆனா இலை தின்னாது. நேத்து மருந்து அடிச்சிருந்தா புழுவோட சேத்து இந்த குளவியையும் கொன்னுருப்பேன். ஏக்கருக்கு பத்து குச்சி நட்டு விட்டேன் குருவி உக்கார. நட்டு முடிக்கல, ரெட்டைவால் கரிச்சான் ஒன்னு வந்து உக்காந்துருச்சு.

ரிசல்ட்ட பத்தி எழுதல இன்னிக்கு.

ஆகஸ்ட் 20

மொத குலை!

நடு வரிசைல ஒரே ஒரு செடில. இலைக்குள்ள ஒளிஞ்சிருந்த பச்ச முடிச்சு. அடியிலருந்து கணு எண்ணினேன், மூணு தடவ எண்ணினேன், பதினாலு.

அப்பா இத ஒரு மாசமா கேட்டுட்டிருக்காரு, தெனம் வேற எதக் கேக்க மறந்தாலும் இத மறக்க மாட்டாரு, "எத்தனாவது கணுவுல நிக்குதும்மா?" கணு கொறையக் கொறைய குலை சீக்கிரம் வரும். குலைக்கு கீழ இருக்குற கணுவுலருந்துதான் கெளை பிரியும், ஒவ்வொரு கெளை நுனிலயும் அடுத்த குலை, அதுக்கு மேல அதுக்கடுத்தது, படிப்படியா போயிட்டே இருக்கும். இது ஒரே நாள்ல அறுத்து முடிக்குற பயிரு இல்ல.

போன் பண்ணினேன். தூங்குறாருன்னாங்க. எழுப்ப வேணாம்னேன். எழுப்பியிருக்கலாம்.

ஆகஸ்ட் 21

பதினாலுன்னேன். "ம்"ன்னாரு. அப்பறம், "நான் பதினாறுன்னு நெனச்சேன்"ன்னாரு. குரல் நல்லாருந்துச்சு.

ஆகஸ்ட் 29

குலைக்கு கீழ மஞ்சளா ஆண் பூ, மேல செவப்பு நூல் நீட்டிக்கிட்டு பெண் பூ. ஒரே குலைல ரெண்டும். காத்துலயே மகரந்தம் போயிரும். எனக்கு பயம் வெயிலு. அதிகமா அடிச்சா ஆண் பூ கூடிரும், காய் பிடிக்குற எடம் சுருங்கிரும். மதியானம் குலை குலையா போயி ஆணு எதுவரைக்கும் ஏறியிருக்குன்னு விரலால அளந்துட்டிருந்தேன். பாக்குறவங்க என்ன நெனச்சிருப்பாங்களோ. அண்ணன் இருந்தா மக்காச்சோளம் போட்டிருக்கலாம்னு இப்பவும் சொல்லும். போன் இன்னிக்கும் ஸ்விட்ச் ஆப்.

செப்டம்பர் 7

அப்பா இன்னிக்கு நெறைய பேசினாரு. ரொம்ப நாளைக்கு அப்பறம். செடிகளுக்கு லத்தீன் பேரு வெச்ச லின்னேயஸ் இதுக்கு ரிசினஸ்னு பேரு வெச்சது லத்தீன்ல உண்ணிங்குற அர்த்தத்துலன்னாரு. முத்த பாத்தா மாட்டு மேல ரத்தம் குடிச்சு ஊதின உண்ணி மாதிரியேதான இருக்கு, நான் எப்படி இத்தன வருஷம் கவனிக்கல. முதல் உலகப்போர்ல பறந்த பல விமான இன்ஜினுக்கு இந்த எண்ணெய்தான் ஊத்தினாங்க, இன்ஜின் ஆயில் காஸ்ட்ரால்ங்குற பேருலயே ஆமணக்கோட இங்கிலீஷ் பேரு காஸ்டர் இருக்கு பாருன்னாரு. நைலான் 11ங்குற பிளாஸ்டிக்குக்கு கூட மூலப்பொருள் இதுதானாம். எண்ணெய்ல பெரும்பங்கு ரிசினோலிக் அமிலம், அந்த மாதிரி வேற எந்த வித்துலயும் இவ்ளோ கெடையாது, அதனாலதான் கம்பெனிக்காரன் நம்ம முத்துக்கு காத்திருக்கான்னாரு. உலகத்துல வெளையுற ஆமணக்குல முக்காவாசிக்கு மேல இந்தியாவுலதான், அதுல பெரும்பகுதி குஜராத். 1968ல ஜிசிஎச் 3ன்னு மொத ஒட்டு ரகத்த விட்டதும் அங்கதான்னு அப்பா வருஷத்தோட சொல்றாரு. மருந்து பேரு மறந்து போகுது, இது மறக்கல.

செப்டம்பர் 8

இன்னிக்கு பேச முடியல அவருக்கு.

செப்டம்பர் 19

காய் இறுகிட்டு வருது. பச்ச முள்ளுப் பந்து மாதிரி, ஒவ்வொன்னுலயும் மூணு மூணு முத்து. தடவிப் பாத்தா முள்ளு குத்தல, மெத்துன்னு இருக்கு. தண்டு மேல சாம்பல் பூத்த மாதிரி மெழுகு, விரல்ல ஒட்டுது. இந்த மெழுகு அதிகமா இருந்தா தத்துப்பூச்சி அண்டாது, ஆனா வெள்ளை ஈ வரும். எது வேணும்னு நாம கேட்டு வாங்க முடியாது.

செப்டம்பர் 24

மேகம்.

செப்டம்பர் 25

மேகம். தூறல்.

செப்டம்பர் 27

மூணு நாளா சூரியனே இல்ல. இப்ப மழை வேணாம், இப்ப மட்டும் வேணாம். ஜூலைல வாசல்ல உக்காந்து வேண்டினதும் நான்தான், இப்ப நிறுத்துன்னு கேக்குறதும் நான்தான். காய் அழுகாம இருக்க மழைக்கு முன்னாடியே ப்ரோபிகோனசோல்ங்குற பூஞ்சை மருந்து லிட்டருக்கு ஒரு மில்லி அடிச்சுட்டேன், அடிச்ச ரெண்டு மணிநேரத்துல மழை. எவ்ளோ நின்னுச்சோ எவ்ளோ கழுவிட்டுப் போச்சோ.

செப்டம்பர் 30

வந்துருச்சு, சாம்பல் பூஞ்சை.

காலைல போனா காய் மேல நீலம் பாஞ்ச மாதிரி சின்னச் சின்ன புள்ளி. சிலதுல மஞ்சளா சொட்டு சொட்டா கசியுது. சாயங்காலம் பாக்கையில பள்ளத்து வரிசைல பஞ்சு ஒட்டின மாதிரி சாம்பல். நெருக்கமா காய் வெச்ச குலைதான் மொதல்ல போகுது, இடைவெளி விட்டு காய்ச்சது கொஞ்சம் தாக்குப் பிடிக்குது. நல்லா காய்ச்சிருக்குன்னு போன வாரம் போட்டோ எடுத்த அதே குலைங்க.

அழுகின காய ஒன்ன உடைச்சேன். முத்து இருக்கு, கைல வெச்சா எடையே இல்ல.

அப்பாவுக்கு சொல்லல.

அக்டோபர் 3

சாம்பல் புடிச்ச குலைய எல்லாம் வெட்டி சாக்குல போட்டு காட்டுக்கு வெளிய கொண்டுபோயி எரிச்சோம். ஆட்டினா தூளா பறக்கும், அந்த தூள்தான் நோய்க்கு விதை, அதனால மொதல்ல சாக்க குலை மேல கவுத்து மூடிக்கிட்டு அப்பறமா வெட்டணும். நூறு செடி எண்ணினேன், 31ல மொத குலை போச்சு. ஈரக் காய் எரியவும் மாட்டேங்குது. பொகை. அக்கா ஒரு வார்த்த பேசல, அவங்க பாட்டுக்கு அருவாள வெச்சுட்டு எனக்கு முன்னாடி முன்னாடி போயிட்டே இருந்தாங்க, நான் பாக்கறதுக்குள்ள மோசமானத வெட்டிரணும்னு போனாங்கன்னு நெனக்குறேன்.

அக்டோபர் 4

அப்பா கேட்டாரு காய் எப்படி இருக்குன்னு. நல்லாருக்குப்பா, முத்திட்டு வருதுன்னேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்பறம், "இங்க ஜன்னல்லயும் மழைதாம்மா பெய்யுது"ன்னாரு.

எனக்கு வாய் வரல. அவரே பேசினாரு. எவ்ளோன்னு கேட்டாரு, சொன்னேன். வெட்டிட்டியா, சொன்னேன். சரி, மண்ணு ஈரம் இருக்கையிலயே யூரியா கொஞ்சம் வையி, போனது மொத குலை, கெளை இருக்குல்ல, அது எடுத்துக்கும், வெயிலு வந்தா ரெண்டாவது குலை நல்லா வரும்னாரு. எல்லாத்தையும் எழுதிக்கிட்டேன். கடைசில, "எனக்கு சொல்லாம இருக்காத. இங்க படுத்துட்டு வேற எதத்தான் நெனைக்க"ன்னாரு.

அக்டோபர் 6

வெயில். வெயில். வெயில்.

அக்டோபர் 11

மொத அறுப்பு. குலைல ஒன்னு ரெண்டு காய் காஞ்சு பழுப்பாகும்போதே முழு குலையையும் வெட்டிரணும், எல்லாம் காயட்டும்னு விட்டா வெடிச்சு கீழ கொட்டிரும். தார்ப்பாய்ல பரப்பியாச்சு. மதியம் வெயில்ல டப் டப்புன்னு தானா வெடிக்குது, முத்து தெறிச்சு ஓடுது, ஓடுன ஒவ்வொன்னையும் நான் தேடி எடுக்குறேன். குட்டிய அம்மா வீட்டுல விட்டுருக்கேன் இந்த பத்து நாளைக்கும். அடிக்கிற எல்லாருக்கும் கையுறை, மூக்குக்கு துணி. தூசி சிலருக்கு ஒத்துக்காது, அக்காவுக்கு போன தடவ கண்ணு வீங்கிருச்சு.

ராத்திரி டார்ச் அடிச்சு தார்ப்பாய சுத்தி தரைல தேடினேன். பதினேழு முத்து.

அக்டோபர் 14

தூத்தி எடுத்து மூட்டை கட்டினோம். பத்து எதிர்பாத்தோம், ஆறு. ஒரு கை முத்து எடுத்துட்டு ஆஸ்பத்திரிக்கு போனேன், டப்பால மூடி. அப்பா ஒவ்வொன்னா எடுத்து வெளிச்சத்துல திருப்பிப் பாத்தாரு. கட்டவெரலுக்கும் ஆள்காட்டி வெரலுக்கும் நடுவுல வெச்சு எடை பாக்குறாரு, விரல் நடுங்குது. முனைல இருக்குற வெள்ள மூக்கு எல்லாத்துலயும் நல்லா எடுப்பா தெரியுது பாரு, நெறஞ்ச முத்துன்னாரு. கெளம்பும்போது எண்ணித்தான் திரும்ப டப்பால போட்டேன். 40 கொண்டுபோனேன், 39 இருந்துச்சு. போர்வைய உதறி, கட்டிலுக்கு அடில எல்லாம் தேடி பதறிட்டேன். அவரு உள்ளங்கைய விரிச்சாரு. ஒன்ன பத்திரமா வெச்சிருந்தாரு. இத விட்டுட்டுப் போன்னாரு.

முடியாதுப்பான்னு வாங்கிட்டு வந்துட்டேன். வழி பூரா அழுகை.

அக்டோபர் 22

கெளைக் குலைல பூ முடிஞ்சு காய் பிடிச்சிருக்கு. செடிக்கு நாலு அஞ்சு. யூரியா வெச்ச வரிசை தனியா கரும்பச்சையா தெரியுது. மேகம் இல்ல.

அக்டோபர் 26

அண்ணன் நம்பர்லருந்து மிஸ்டு கால். திருப்பிப் பண்ணினா எடுக்கல.

நவம்பர் 1

காய்த்துளைப்பான் கொஞ்சம் இருக்கு, காயையும் காயையும் நூலால ஒட்டி எச்சத்த வெளிய தள்ளி வெச்சிருக்கு. பத்துக்கு ஒரு குலை கூட இல்ல. கைல எடுத்துப் போட்டுரலாம்.

நவம்பர் 5

டாக்டர் எங்க ரெண்டு பேரையும் வரச் சொல்லியிருக்காரு, அம்மாவையும் என்னையும். வெள்ளிக்கெழமை. போன்ல எதுவும் சொல்லல. அப்பா மட்டும் வாங்கி, ரெண்டாவது அறுப்பு என்னிக்குன்னு கேட்டாரு. வெள்ளிக்கெழமைதாம்பா வருதுன்னேன். அப்ப நாளைக்கே வெட்டிருன்னாரு.

நவம்பர் 6

ஆள் அஞ்சு பேரு வந்துட்டாங்க. கையுறை நாலு ஜோடிதான் இருக்கு.