மெக்சிகோ பாட்டுக்கு எந்தச் சுருதி: கன்செர்டினா நாட்குறிப்பு

பிப்ரவரி 8

மெக்சிகோ பாட்டு வாசிக்க எந்தச் சுருதிக் கன்செர்டினா (கையடக்கத் துருத்திப் பெட்டி) வாங்குவது? வடமெக்சிகோ நாட்டார் இசையான நோர்டென்யோவின் கலைஞர்கள் வாசிக்கும் மூன்று வரிசை அக்கார்டியனிலிருந்தே தொடங்கினேன். ஜி, சி, எஃப் என்ற மேற்கத்திய சுரங்களை ஆதாரமாகக் கொண்ட வரிசைகள் உள்ளதை அங்கே ‘சோல்’ பெட்டி என்பார்கள். சுலபமாகக் கிடைக்கும் சி/ஜி ஆங்கிலோ கன்செர்டினாவில் (துருத்தியைத் தள்ளினால் ஒரு சுரம், இழுத்தால் வேறு சுரம் தரும் வகை) அவற்றில் இரண்டு வரிசை இருக்கிறது. அக்கார்டியன் மாதிரி தனி பேஸ் (தாழ்சுர) பொத்தான்கள் இல்லையே என்று நண்பர் ஒருவர் இழுத்தார். 1930களில் அக்கார்டியன் கலைஞர் நார்சிசோ மார்ட்டினெஸே பேஸ் பக்கத்தைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, அந்த வேலையைச் சாந்தியாகோ அல்மேய்தாவின் பஹோ செக்ஸ்டோவிடம் (தாழ்சுரக் கிதார் வகை) ஒப்படைத்தவர். அப்புறம் எனக்கென்ன?

பிப்ரவரி 11

இந்த இசைக்கு உயிர் இரட்டைக் குரல். மெட்டு ஒன்று, இடையில் ஒரு சுரம் விட்டு அதற்கு மேலோ கீழோ கூடவே ஓடும் குரல் இன்னொன்று. வலது கை சி வரிசையில் பக்கத்துப் பொத்தான்கள் இரண்டை அமுக்கினால் பெரும்பாலும் அந்த ஜோடி வந்துவிடுகிறது. தள்ளினால் சி-இ, இ-ஜி. இழுத்தால் பி-டி, டி-எஃப், எஃப்-ஏ. இடறுவது ஜி-பியும் ஏ-சியும்தான். அவை இரண்டும் ஜி வரிசையில் அடுத்தடுத்த பொத்தான்களில் இருக்கின்றன: முதலாவது தள்ளும்போது, மற்றது இழுக்கும்போது. விரல் வரிசை தாண்டப் பழகிவிட்டால் சி-யில் போல்கா என்ற துள்ளல் நடன மெட்டு தங்குதடையில்லாமல் ஓடும்.

பிப்ரவரி 12

எஃப்-ஐ ஆதாரமாக வைத்து வாசிப்பது சரிப்படாது. எஃப், பி பிளாட் இரண்டு கார்டுமே (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) இழுப்பில். துருத்தி முழுக்க விரிந்துபோய், துருத்தியைச் சத்தமில்லாமல் மூட உதவும் காற்றுப் பொத்தானை அமுக்குவதிலேயே பாட்டு முடிந்துவிடும்.

பிப்ரவரி 19

விற்பனைக்கு வந்த பழைய லண்டன் பெட்டி ஒன்றை வாசித்துப் பார்த்தேன். மீன்டோன் சுருதி, அதாவது சி-இ போன்ற ஜோடிகள் சுத்தமாக ஒலிக்கும்படி அமைத்த பழைய முறை. சி-இ சேரும்போது தேன். தனியாக வாசிப்பவராக இருந்தால் யோசிக்காமல் வாங்கலாம். ஆனால் அதன் ஏ சுரம் விநாடிக்கு 452 அதிர்வில் நிற்கிறது; எங்கள் குழுவின் அக்கார்டியன் 440, அதுவும் சம இடைவெளிச் சுருதி. அதில் சி-இ சுத்தமான இடைவெளியைவிட ஏறக்குறைய 14 சென்ட் அகலம் (சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு). ஹரானா என்ற சிறு கிதாரின் தந்தியை முறுக்கிக்கொள்ளலாம், அக்கார்டியனை என்ன செய்வது? பழைய பெட்டியின் ரீட்டுகளை (ஒலி எழுப்பும் உலோக நாக்குகள்) சுரண்டி இறக்க முடியும்தான். நல்ல பழைய சுருதியை அப்படி அழிக்க மனம் வரவில்லை. புதிதாக 440-இல் ஒன்று சொல்லிவிட்டேன், 30 பொத்தானில்.

மார்ச் 29

புதுப் பெட்டி வந்துவிட்டது, ஹரானா வாசிக்கும் நண்பரும் வந்தார். மெக்சிகோவின் வெராக்ரூஸில் வழக்கமான ஜி-சி-இ-ஏ-ஜி சுருதி அவருடையது; எல்லாமே என் சி வரிசையில் உள்ள சுரங்கள். ‘லா யோரோனா’ என்ற மெக்சிகோ நாட்டார் பாட்டை ஏ மைனரில் எடுத்தோம். இடது கை ஜி வரிசையில் அடுத்தடுத்த மூன்று பொத்தானை இழுத்தால் ஏ மைனர். இ மேஜர் வேறு பொத்தான்களில், தள்ளும்போது. அந்த இ மேஜருக்கு வேண்டிய ஜி ஷார்ப், 30 பொத்தான் பெட்டியில் கூடுதலாக உள்ள மேல் வரிசையில்தான் உண்டு, இரண்டே வரிசை உள்ள 20 பொத்தான் பெட்டியில் கிடையாது.

பாடுகிறவருக்கு ஏ மைனர் தாழ்வாகப் பட்டது, டி மைனர் கேட்டார். என் பெட்டியில் பொத்தான்கள் வீட்ஸ்டோன் என்ற அமைப்பில் இருக்கின்றன. டி மைனர் இழுப்பில், ஏ மேஜர் தள்ளலில். அதுவும் சரி. ஜி மைனர் மட்டும் மறுபடி இழுப்பிலேயே வருகிறது. அந்த இடத்தில் நான் மெட்டை மட்டும் வாசிப்பது, கார்டை ஹரானா பார்த்துக்கொள்வது என்று முடிவானது.